பள்ளிக்கூடம் போன 100 வயதுப் பாட்டி

பள்ளிக்கூட மண்டபம். முன்னால் ஒரு சின்ன மேஜை. மேஜை மேல் ஒரு புத்தகம். ஒரு ஒலிபெருக்கி.

எதிரே மாணவர்களும் மாணவிகளும் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் 15, 16 வயது இருக்கும். சிரிப்பும் பேச்சுமாக மண்டபம் சந்தைக்கடை மாதிரி இருக்கும்.

ஒரு மூதாட்டி உள்ளே வருவார். சின்ன உருவம். வெள்ளை வெளேர் என்ற தலைமுடி. கழுத்தில் ஒரு மணிமாலை. மெல்ல நடந்து வந்து மேஜைக்குப் பின்னால் உட்காருவார். புத்தகத்தைத் திறப்பார். படிக்கத் தொடங்குவார்.

கொஞ்ச நேரத்தில் மண்டபம் அடங்கிவிடும்.

அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கையை ஆட்டிப் பேசமாட்டார். அழமாட்டார். ஏதோ நேற்று நடந்ததைச் சொல்வது போலப் படித்துக்கொண்டு போவார். ஆனால் அவர் படித்தது, தன் தாயையும் தம்பியையும் தன்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போன கதை.

ஜெர்மனியின் தலைநகரமான பெர்லினிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இந்தக் கூட்டம் நடந்தது. அந்த மூதாட்டி 88-வது வயதில் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, பெர்லினில் குடியேறி, 100 வயதைத் தாண்டியும் இப்படிப் பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் பெயர் மார்காட் பிரீட்லாண்டர். யூதப் பெண்.

யூதர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

யூதர்கள் பழமையான ஒரு சமூகத்தினர். ஏசுநாதர் பிறந்ததும் அந்தச் சமூகத்தில்தான். ஐரோப்பாவின் பல நாடுகளில் அவர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்து வந்தார்கள். ஜெர்மனியில் டாக்டர்களாக, வக்கீல்களாக, வியாபாரிகளாக, தையல்காரர்களாக எல்லாத் தொழிலிலும் இருந்தார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டுச் செத்த யூதர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். "ஜெர்மனியின் எல்லாத் துன்பங்களுக்கும் யூதர்களே காரணம்" என்பது ஹிட்லர் கட்சியின் பிரசாரம். அந்தக் கட்சிக்காரர்களுக்கு நாஜிகள் என்று பெயர்.

எடுத்த எடுப்பிலேயே கொலையில் இறங்கவில்லை. முதலில் "யூதர் கடையில் சாமான் வாங்காதே" என்றார்கள். பிறகு யூதர்களைச் சர்க்கார் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1935-ம் ஆண்டில் குடியுரிமையைப் பறித்தார்கள். யூதரும் மற்றவரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1938-ம் ஆண்டு நவம்பரில் நாடு முழுவதும் யூதர்களின் கோவில்களுக்குத் தீ வைத்தார்கள். கடைகளை நொறுக்கினார்கள்.

அதற்குப் பிறகு வந்த உத்தரவுகளைப் படித்தால், இப்படியும் ஒரு அரசாங்கம் உட்கார்ந்து யோசிக்குமா என்று தோன்றும். யூதர்கள் ரேடியோ வைத்திருக்கக் கூடாது. பெர்லினில் யூதர்கள் மாலை 4 மணி முதல் 5 மணி வரைதான் கடைக்குப் போகலாம். அந்த நேரத்தில் கடையில் நல்ல சாமான் என்ன மிச்சம் இருக்கும்? வீட்டில் நாய், பூனை வளர்க்கக்கூட யூதர்களுக்குத் தடை வந்தது.

1941-ம் ஆண்டு செப்டம்பரில் வந்தது மஞ்சள் நட்சத்திரம். ஆறு வயதுக் குழந்தை முதல் எல்லா யூதர்களும் சட்டையில் ஒரு மஞ்சள் துணி நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கவேண்டும். அதன் நடுவில் "யூதர்" என்று எழுதியிருக்கும்.

அடுத்த மாதமே பெர்லினிலிருந்து ரெயில்கள் கிளம்பின. யூதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே போன ரெயில்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வருவது அபூர்வம். போகப் போக அதுவும் நின்றது.

போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

பொத்தான் வியாபாரம்

60 லட்சம் என்றால் மனதில் ஒன்றும் பதியாது. அது ஒரு எண். அதனால்தான் மார்காட் தன் கூட்டங்களில் எண்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. தன் வீட்டைப் பற்றிப் பேசினார்.

அவர் 1921-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி பெர்லினில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் மார்காட் பெண்ட்ஹைம். தாய் அவுகுஸ்டே. பொத்தான் வியாபாரம் செய்தவர். தம்பி ரால்ப், நாலு வயது இளையவன்.

மார்காட்டுக்குத் துணி, தையல், புது மாதிரி உடுப்பு என்றால் உயிர். உடுப்புகளுக்குப் படம் வரையப் பழகினார். பெரிய தையல் நிலையம் ஒன்றில் வேலை கற்றார். யூதர்களுக்காக யூதர்களே நடத்திய நாடக சங்கம் ஒன்று அப்போது பெர்லினில் இருந்தது. அங்கே நடிகர்களுக்கு உடை தைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். அந்தச் சங்கத்து அலுவலகத்தில் அடால்ப் பிரீட்லாண்டர் என்று ஒருவர் இருந்தார். அவர் பிறகு வருவார்.

தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தந்தை பெல்ஜியத்துக்குப் போனார். நாஜிகள் அவரையும் விடவில்லை. 1942-ம் ஆண்டில் ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமில் அவர் முடிவு நேர்ந்தது.

தாய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விடப் பலவிதமாக முயன்றார். விசா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. 1941-ம் ஆண்டு அக்டோபரில் "இனி எந்த யூதரும் வெளியேறக் கூடாது" என்று நாஜிகள் வாசலையே அடைத்துவிட்டார்கள்.

மார்காட்டை ஒரு ஆயுதத் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்குப் போட்டார்கள். இரவு முழுவதும் வேலை. விடிந்தால் வீடு. மூன்று பேரும் ஒரே ஒரு நம்பிக்கையில் காலம் தள்ளினார்கள். பெர்லினை விட்டு ரகசியமாகத் தப்பி ஓடுவது என்று திட்டம் போட்டார்கள். நாளும் குறித்தார்கள்.

அந்த நாள்

1943-ம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ந்தேதி.

மார்காட் தெருவில் வந்துகொண்டிருந்தார். வீடு ஸ்காலிட்சர் தெருவில் 32-ம் எண். அவருக்கு முன்னால் ஒருவன் நடந்தான். அவனும் அதே கட்டிடத்துக்குள் நுழைந்தான். மாடிப்படி ஏறினான். மார்காட்டின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

ரகசிய போலீஸ்!

மார்காட் நின்றிருந்தால் முடிந்தது. திரும்பி ஓடியிருந்தாலும் முடிந்தது. அவர் கைப்பையை நெஞ்சோடு சேர்த்து மஞ்சள் நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டார். வேறு யார் வீட்டுக்கோ போகிறவர் போல, அவனைத் தாண்டி மேல் மாடிக்கு ஏறினார். அங்கே குடியிருந்தவர் வீட்டில் மணி அடித்தார்.

கதவைத் திறந்தவர் விஷயத்தைச் சொன்னார். தம்பி ரால்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 17 வயதுப் பையன். தாய் அப்போது வீட்டில் இல்லை.

தாய் எங்கே? மார்காட் அக்கம்பக்கத்துத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஓடினார். தாய் அங்கே வந்திருந்தார். வந்துவிட்டுப் போயும்விட்டார்.

எங்கே போனார்?

போலீசுக்கு! தன் காலாலேயே நடந்து போய்விட்டார்.

"ரால்பைத் தனியாக விடமாட்டேன். அவனை எங்கே கொண்டுபோனாலும் நானும் கூடப் போகிறேன்" என்று சொல்லியிருந்தார். மகளுக்கு ஒரு வரி சொல்லச் சொல்லியிருந்தார்.

"உன் வாழ்க்கையை நீ அமைத்துக்கொள்ளப் பார்."

அவ்வளவுதான். கடிதம் கூட இல்லை. வாய் வார்த்தை. அதோடு ஒரு கைப்பை. பைக்குள் ஒரு விலாசப் புத்தகமும், ஒரு மாலையும் இருந்தன. மரப்பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் இறுகிக் கல்லானது போன்ற மணிகள். அம்பர் என்பார்கள். பிற்காலத்தில் பள்ளிக்கூட மேஜைக்குப் பின்னால் அந்த மூதாட்டி கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தது அந்த மாலையைத்தான்.

அன்று மார்காட்டுக்கு வயது 21.

ஒரு பக்கம் பிடிபட்ட மகன். ஒரு பக்கம் பிடிபடாத மகள். மகளுக்காகக் காத்திருந்தால் மகன் தனியாகப் போவான். மகனோடு போனால் மகள் தனியாக நிற்பாள். அந்தத் தாய்க்கு யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மகள் கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினாரா? அல்லது மகன் சின்னவன் என்ற ஒரே நினைப்புதானா? பதில் சொல்லத் தாய் திரும்பி வரவில்லை. தாயையும் மகனையும் ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் அங்கே கொல்லப்பட்டார்கள்.

பதினைந்து மாதம்

மார்காட் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையிலிருந்து கழற்றினார். அந்த நிமிடம் முதல் அவர் சட்டப்படி குற்றவாளி.

கறுப்புத் தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் போட்டார். கழுத்தில் சிலுவை மாட்டினார். மூக்கில் ஆபரேஷன் கூடச் செய்துகொண்டார். யூதர்களுக்கு இப்படித்தான் மூக்கு இருக்கும் என்று நாஜிகள் பத்திரிகைகளில் கேலிப்படம் போட்டு ஊரை நம்பவைத்திருந்த காலம் அது. அந்தப் பொய்க்குப் பயந்து ஒரு பெண் மூக்கை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு இடத்தில் நாலு நாள், இன்னொரு இடத்தில் சில வாரம் என்று பதுங்கினார். ரேஷன் கார்டு இல்லை. அவருக்குச் சோறு போட்டவர்கள் தங்கள் பங்கிலிருந்துதான் கிள்ளிக் கொடுக்க வேண்டும். விமானங்கள் குண்டு வீசும்போது எல்லோரும் பாதுகாப்பு அறைகளுக்கு ஓடுவார்கள். மார்காட்டுக்கு அங்கேயும் பயம். "நீ யார்? உன் கார்டைக் காட்டு" என்று யாராவது கேட்டுவிட்டால்?

15 மாதத்தில் அவருக்கு இடம் கொடுத்து உதவியவர்கள் 16 பேர். அவர்கள் யூதர்கள் அல்ல, ஜெர்மானியர்கள். பிடிபட்டால் அவர்களுக்கும் சிறைதான், முகாம்தான். இந்த 16 பேரைப் பற்றிச் சொல்லாமல் மார்காட் எந்தக் கூட்டத்தையும் முடித்தது இல்லை என்றே சொல்லலாம். "எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று போருக்குப் பிறகு சொன்னவர்கள் ஜெர்மனியில் ஏராளம். என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தப் 16 பேர் சாட்சி.

பெர்லினில் இப்படிப் பதுங்கிய யூதர்கள் சுமார் 7 ஆயிரம் பேர். போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்கள் சுமார் 1,700 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள்.

மார்காட்டும் பிடிபட்டார். 1944-ம் ஆண்டு ஏப்ரல். குண்டு வீச்சு முடிந்து பாதுகாப்பு இடத்திலிருந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் வழிமறித்தார்கள். அடையாளக் கார்டு கேட்டார்கள்.

பிடித்தவர்கள் யார் தெரியுமா? யூதர்கள்! ஒளிந்திருக்கும் யூதர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் உன்னையும் உன் குடும்பத்தையும் ரெயிலில் ஏற்றமாட்டோம் என்று ரகசிய போலீஸ் ஆசை காட்டிச் சிலரை வேலைக்கு வைத்திருந்தது. அவர்களைக் காறித் துப்புவது சுலபம். அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவன் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மார்காட் வாய் திறந்தார். "நான் யூதப் பெண்" என்றார். 15 மாதமாக மறைத்ததைத் தானாகவே சொல்லிவிட்டார். தாயும் தம்பியும் போன வழியில் தானும் போய்ச் சேர்ந்துகொண்டதாக அப்போது தோன்றியது என்று பிற்காலத்தில் சொன்னார்.

பூச்செடி வைத்த முகாம்

1944-ம் ஆண்டு ஜூனில் அவரை தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். இன்றைய செக் நாட்டில் உள்ள பழைய கோட்டை ஊர் அது.

அதே ஜூன் 23-ந்தேதி அந்த முகாமைச் சுற்றிப் பார்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தார்கள். அதற்காக நாஜிகள் செய்த ஜோடனை சரித்திரப் பிரசித்தம். வீடுகளுக்கு வர்ணம் அடித்தார்கள். பூச்செடி நட்டார்கள். கடை, காபி ஓட்டல் எல்லாம் வைத்தார்கள். கூட்டம் தெரியக் கூடாது என்பதற்காக, முன்கூட்டியே ஆயிரக்கணக்கானவர்களை ஆஷ்விட்சுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் காட்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்த முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். பசியாலும் நோயாலும் அங்கேயே செத்தவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். கிழக்கே அனுப்பப்பட்டவர்கள் 87 ஆயிரத்துக்கு மேல்.

மார்காட் அங்கே மைக்கா பிளக்கும் வேலை செய்தார். காக்காப்பொன் என்று நம் பக்கம் சொல்லுவோமே, அதுதான். கண்ணாடி போலப் பளபளக்கும் அந்தக் கல்லைக் கத்தியால் இதழ் இதழாகப் பிரிக்க வேண்டும்.

அங்கே ஒரு நாள் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தார். நாடக சங்கத்து அடால்ப் பிரீட்லாண்டர்! (அடால்ப் என்ற பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஹிட்லருக்கு முன்பு ஜெர்மனியில் யூதர்களும் வைத்துக்கொண்ட சாதாரணப் பெயர்தான் அது.)

1945-ம் ஆண்டு வசந்த காலம். ரஷ்யப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே இருந்த முகாம்களைக் காலி செய்த நாஜிகள், உயிர் மிஞ்சியவர்களை ரெயிலில் அடைத்து மேற்கே அனுப்பினார்கள். அந்த ரெயில்களில் சில தெரேசியன்ஸ்டாட்டுக்கு வந்தன.

கதவுகள் திறந்தன. எலும்பும் தோலுமாக மனிதர்கள் விழுந்தார்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர் யார், செத்தவர் யார் என்றே தெரியவில்லை. அவர்கள் வாயிலிருந்துதான் ஆஷ்விட்ஸ் என்ற பெயரின் முழு அர்த்தம் முகாமில் பரவியது. விஷ வாயு. அடுப்பு. புகை.

அதுவரை மார்காட்டுக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. எங்கேயோ தாய் இருப்பார், தம்பி இருப்பான் என்று. அன்றுதான் அது போயிற்று.

மே மாதம் ரஷ்யப் படை வந்தது. விடுதலை! ஜூன் மாதம், அதே முகாமில், மார்காட்டுக்கும் அடால்புக்கும் கல்யாணம் நடந்தது. போக வீடு இல்லை. வாழ்த்துச் சொல்லப் பெற்றோர் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். 1946-ம் ஆண்டில் கப்பல் ஏறி நியூயார்க் போனார்கள்.

பேசாத வீடு

அமெரிக்காவில் மார்காட் தையல் வேலை செய்தார். பிறகு பிரயாண ஏற்பாடு செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். கணவர் ஒரு யூத சங்கத்தில் வேலை பார்த்தார். குழந்தைகள் இல்லை.

முகாமைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. இரண்டு பேரும் அதை அனுபவித்தவர்கள். ஒருவருக்கு ஒருவர் சொல்ல என்ன இருக்கிறது? அடால்புக்கு ஜெர்மனி என்ற பெயரே கசப்பு. திரும்பிப் போகும் பேச்சுக்கே இடம் இல்லை.

அப்படியே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

1997-ம் ஆண்டில் கணவர் இறந்தார். மார்காட்டுக்கு அப்போது 76 வயது. வயதானவர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதப் பழகும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். நம் ஊரில் அந்த வயதில் ராமாயணம் கேட்கப் போவது போல, பொழுதுபோக்காகத்தான் சேர்ந்திருப்பார். ஆனால் எழுத உட்கார்ந்ததும் 50 ஆண்டுகளாக மூடி வைத்தது எல்லாம் வெளியே வந்தது. இரவில் தூக்கம் வராமல் எழுதினார்.

2003-ம் ஆண்டில் பெர்லின் நகரம் அவரை விருந்தாளியாக அழைத்தது. நாஜிகளால் துரத்தப்பட்ட பழைய குடிமக்களை அழைத்து மரியாதை செய்வது அந்த நகரத்தின் வழக்கம். அவர் போனார். அதைப் படம் பிடித்து 2004-ம் ஆண்டில் ஒரு செய்திப்படமும் வந்தது. 2008-ம் ஆண்டில் அவர் வாழ்க்கைக் கதை ஜெர்மன் மொழியில் புத்தகமாக வந்தது. புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார்? தாய் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வரிதான் பெயர்.

2010-ம் ஆண்டில் நியூயார்க் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெர்லினுக்கே குடிவந்தார். நாஜிகள் பறித்த ஜெர்மன் குடியுரிமையை அந்த நாடு திருப்பிக் கொடுத்தது.

அமெரிக்க நண்பர்களில் பலருக்கு இது பிடிபடவில்லை. கொன்றவர்கள் ஊருக்கா போகிறாய் என்று கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கணவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று மார்காட்டே சொன்னார். தாயைக் கொண்டுபோன தெரு, தம்பியைப் பிடித்த வீடு எல்லாம் அங்கேதான் இருந்தன. எதிரில் வரும் தன் வயதுக் கிழவர் ஒவ்வொருவரும், "அப்போது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்க வேண்டியவராகத்தான் தெரிவார்.

ஆனால் அவர் பார்க்க வந்தது கிழவர்களை அல்ல. அவர்களுடைய பேரப்பிள்ளைகளை.

கேள்வி நேரம்

சுமார் ஒரு மணி நேரம் படிப்பார். புத்தகத்தை மூடுவார். பிறகு மாணவர்கள் கேள்வி கேட்கலாம்.

முதலில் யாரும் கை தூக்கமாட்டார்கள். ஒரு பெண் துணிந்து தொடங்குவாள். பிறகு ஒவ்வொன்றாக வரும். சிலர் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. ஏன் என்றால், அவர்கள் வீட்டிலும் ஒரு தாத்தா இருந்திருப்பார். அவர் பட்டாள உடுப்பில் நிற்கும் படம் பெட்டியில் கிடக்கும்.

மார்காட் அந்தப் பிள்ளைகளைக் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. நடந்ததற்கு நீங்கள் பொறுப்பு அல்ல, நடந்ததை இனி மாற்றவும் முடியாது. ஆனால் அது திரும்ப நடக்கக் கூடாது, அது உங்கள் கையில் இருக்கிறது என்றார். கை கொடுக்கத்தான் வந்தேன் என்றார். சாட்சிகளாகிய நாங்கள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்போம், எங்களுக்குப் பிறகு நீங்கள்தான் சாட்சிகளாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பேச முடியாமல் போனவர்களுக்காகப் பேசுகிறேன் என்பதையும் மறக்காமல் சொல்லுவார்.

சில கூட்டங்களில் பழைய மஞ்சள் நட்சத்திரத்தையும், தாயின் விலாசப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். சரித்திரப் பாடத்தில் அச்சுப்படமாகப் பார்த்த நட்சத்திரம், இதோ நூல் பிரிந்த துணியாகக் கண் முன்னால்.

கிறிஸ்தவ ரத்தம், முஸ்லிம் ரத்தம், யூத ரத்தம் என்று எதுவும் இல்லை, மனித ரத்தம் மட்டும்தான் உண்டு என்பது அவர் அடிக்கடி சொன்னது. "மனிதர்களாக இருங்கள்" என்பது இன்னொன்று. கேட்பதற்கு மிகச் சாதாரணம். வேறு யாராவது மேடையில் சொன்னால் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். 16 பேர் மனிதர்களாக இருந்ததால் உயிர் பிழைத்தவர் சொன்னபோது அது வேறு மாதிரி ஒலித்தது.

கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வருவார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கடிதங்கள் வரும். பிள்ளை இல்லாத அந்த அம்மாளுக்கு வந்த பேரப்பிள்ளைகளின் கடிதங்கள்!

விருதுகளும் வந்தன. 2018-ம் ஆண்டில் பெர்லின் நகரம் அவரைக் கவுரவப் பிரஜை ஆக்கியது. 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி, 100 வயதில், ஐரோப்பியப் பார்லிமெண்டில் பேசினார். 2024-ம் ஆண்டில், 102 வயதில், உலகப் பிரசித்தமான 'வோக்' என்ற நாகரிக உடைப் பத்திரிகையின் ஜெர்மன் பதிப்பு அட்டையில் அவர் படம் வந்தது. உடுப்புக்குப் படம் வரைந்த அந்த 17 வயதுப் பெண் இதைக் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள்.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் மனம் நிம்மதியாக இல்லை. யூத வெறுப்பு மறுபடியும் தெருவில் கேட்கத் தொடங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் தொடங்கிற்று என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்டவர்கள் அதை ஒரு கிழவியின் பயம் என்று தள்ள முடியவில்லை. தொடங்கியதைப் பார்த்தவர்களில் மிஞ்சியவர்கள் மிகச் சிலர். அவர் அவர்களில் ஒருவர்.

கடைசிக் கூட்டம்

2025-ம் ஆண்டு மே 7-ந்தேதி. போர் முடிந்து 80 ஆண்டு ஆனதையொட்டிப் பெர்லின் நகர மன்றத்தில் கூட்டம். செங்கல் நிறத்தில் இருப்பதால் அந்தக் கட்டிடத்துக்குச் சிவப்பு மன்றம் என்று பெயர். மார்காட் வந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. 103 வயது. அங்கேயும் பேசினார். மனிதர்களாக இருங்கள் என்று அங்கேயும் கேட்டுக்கொண்டார்.

ஜெர்மன் ஜனாதிபதி அவருக்கு ஒரு பெரிய விருது கொடுப்பதாக இருந்தது. அதற்குக் குறித்த நாள் மே 9-ந்தேதி. விழா நடக்கவில்லை. அன்றுதான் மார்காட் காலமானார்.

மே 15-ந்தேதி பெர்லினில் வைசென்சே என்ற இடத்திலுள்ள யூதர் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. ஜனாதிபதியும் நாட்டின் பிரதம மந்திரியும் வந்து நின்றார்கள். மார்காட்டின் தாய்க்கும் தந்தைக்கும் தம்பிக்கும் எங்கும் சமாதி இல்லை. அந்தக் குடும்பத்தில் பெர்லின் மண்ணில் அடக்கம் செய்யப்பட அவர் ஒருவர்தான் திரும்பி வந்திருந்தார்.

ஸ்காலிட்சர் தெரு 32-ம் எண் வாசலில், நடைபாதையில் பித்தளைத் தகடு பதித்த சிறு கற்கள் இருக்கின்றன. நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாகக் குடியிருந்த வீடுகளின் முன்னால் இப்படிக் கல் பதிப்பதை குந்தர் டெம்னிக் என்ற சிற்பி தொடங்கிவைத்தார். ஒவ்வொரு கல்லும் ஒரு கை அகலம்தான். "இங்கே வசித்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொல்லப்பட்ட இடம் எல்லாம் அதில் வெட்டியிருக்கும்.

அங்கே ஒரு கல் அவுகுஸ்டேவுக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று, ரால்புக்கு.